கைகளை இறக்கிக்கொண்ட மரப்பெண்

லுவலாபா ஆறு தன் வேகத்தை மறந்து ஏரிகளாக விரியும் இடத்தில், ஆளுயரக் கோரை வேர்பின்னி மிதக்கும் தீவுகள் காற்று தள்ளிய திசைக்கெல்லாம் நகர்ந்துகொண்டிருக்கும் அந்த நீர்ப்பரப்பின் வடகரையில், உயிரோடிருக்கும் தலைவர் எவரும் தங்கக் கூடாத சிற்றூர் ஒன்று உண்டு. அது இறந்த மன்னர் கபாம்பாவின் ஊர். இறந்தவர் வீடு இறந்தவருக்கே, அடுத்து ஆள்பவர் வேறிடத்தில்தான் கூரை போடவேண்டும் என்பது அங்குள்ள லூபா மக்களின் வழக்கம். ஆனால் இறந்தவர் வெறும் வீட்டில் இருக்க மாட்டார். அவருக்குப் பேச ஒரு வாய் வேண்டும், உண்ண ஒரு வயிறு வேண்டும், இருமுவதற்கு ஒரு நெஞ்சு வேண்டும். ஆண் உடம்பு ஒரு மன்னரின் பாரத்தைத் தாங்காது, பெண் உடம்பே தாங்கும் என்று கண்டவர்கள் அம்மக்கள். ஆகவே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து, அவளுக்குள் மன்னரைக் குடிவைத்து, அவளை முவாடி என்று அழைத்து, அவர் மணிமுடியை அவள் தலையில் வைத்து, அவர் பெயரையே அவளுக்கும் சூட்டிவிடுவார்கள்.

பெற்றவர் வைத்த பெயரை அதன்பின் யாரும் அவள் காதுபடச் சொல்லக் கூடாது. சொன்னால் அவள் 'என்ன' என்று திரும்பிவிடுவாள். அவள் திரும்பும் அந்தக் கணத்தில் மன்னர் பிடிநழுவி விழுந்துவிடுவார். மன்னர் விழுந்தால் மழை தவறும், மீன் சேற்றுக்குள் இறங்கிவிடும். ஆதலால் கபாம்பாவின் முவாடியை ஆணும் பெண்ணும் 'ஐயா' என்றே அழைத்தார்கள், மண்டியிட்டார்கள், வெள்ளைச் சுண்ணத்தை நெஞ்சில் பூசிக்கொண்டு தரையைப் பார்த்தபடி பேசிவிட்டு எழுந்து போனார்கள். இந்தக் கதையில் அவளை உம்பா என்றே சொல்வோம். பெற்றவர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். அவர்கள் போனபின் அழைக்க ஆளில்லாமல் போயிற்று.

உம்பாவின் வீட்டு உள்ளறையில், வெள்ளைத் துணிக்குள், இன்னொரு பெண் இருந்தாள். அரசிருக்கையைத் தாங்கும் மரப்பெண். கீழே வட்டமான அடிப்பலகை, மேலே வட்டமான இருக்கை, நடுவே மண்டியிட்ட அவள் என்று மூன்றும் ஒரே மரத்தில் ஒட்டில்லாமல் குடையப்பட்டவை. உயர்த்திய இரு கைகளாலும் உச்சந்தலையாலும் அவள் இருக்கையை ஏந்தியிருந்தாள். கண்கள் காப்பிக்கொட்டை போல் பாதி மூடியவை. வெளியே பார்ப்பதற்கல்லாமல் உள்ளே பார்ப்பதற்காக அமைந்த கண்கள். பின்னந்தலையில் நான்கு பின்னல்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கூடி நின்றன. வயிற்றிலும் முதுகின் அடிப்பகுதியிலும் பருத்த தழும்புகள் வரிவரியாக எழும்பியிருந்தன. அழகு பிறவியில் வருவதென்று அம்மக்கள் எண்ணுவதில்லை. பிறப்பது வெறும் தோல், வெட்டுவது வெறும் மரம். தோலில் கோடு கீறி ஆறவைத்து, முடியைப் பொழுதெல்லாம் பின்னி முடித்து, மரத்தில் பனையெண்ணெய் ஏற்றி ஏற்றித் தேய்த்து, இப்படி ஒவ்வொரு கையாகப் பட்டுப்பட்டுத்தான் ஒரு பெண் பெண்ணாகிறாள், ஒரு சிற்பம் சிற்பமாகிறது. அந்தத் தழும்புகளும் கண்ணுக்காக இடப்பட்டவை அல்ல. விரலால் தடவிப் படிப்பதற்காக இடப்பட்டவை.

மரப்பெண்ணின் தழும்புகள் உம்பாவின் தழும்புகள். அது நேர்ந்த விதம் எளியது. கபாம்பா பட்டம் ஏறியபோது இருக்கை செதுக்கியவன் மோங்கா என்னும் இளைஞன். உம்பா அவனுடைய பக்கத்துவீட்டுப் பெண். அவளுக்குத் தழும்பு ஆறி, அதைக் காட்டிக்கொண்டு அவள் தண்ணீருக்குப் போன பருவம் அது. அவன் உளி பார்த்ததைச் செதுக்கியது. பிறகு கபாம்பா இறந்து, முவாடியாக யாரை அமர்த்துவது என்று ஊர் கூடியபோது, ஒரு மூதாட்டி மரப்பெண்ணின் முதுகைத் தடவினாள், எழுந்துபோய் உம்பாவின் முதுகைத் தடவினாள், 'இவள்தான். மன்னர் அன்றைக்கே இவளைத் தேர்ந்துவிட்டார்' என்றாள். ஊரும் அப்படியே நம்பிற்று. மோங்கா வாய் திறந்து, 'நான் ஒன்றும் முன்னறிந்து செதுக்கவில்லை, கண்ணெதிரே இருந்தாள், அவ்வளவுதான்' என்று சொல்லியிருக்கலாம். சொன்னான் என்றும், யாரும் கேட்கவில்லை என்றும் தென்கரையில் சொல்வார்கள். சொல்லவே இல்லை என்பது வடகரையாரின் கதை. எப்படியாயினும் அவன் அவளைப் பெண்கேட்கப் பின்னிய பாய் அவன் வீட்டுப் பரணில் சுருட்டியபடியே கிடந்தது.

கபாம்பாவுக்குப்பின் அவர் தம்பி ஆண்டார். தம்பியும் இறந்தபின், அந்தத் தம்பியின் மகன் கியூங்கு சுரங்க நகரத்திலிருந்து மோட்டார்சைக்கிளில் வந்து சேர்ந்தான். அரசிருக்கையில் அமர்ந்து உறுதிமொழி சொன்னால்தான் அவன் தலைவன். அதற்காக ஊரார் வடகரைக்கு வந்து, முற்றத்தில் கூடி, உம்பா உள்ளேயிருந்து இருக்கையைக் கொண்டுவந்து வைத்து வெள்ளைத் துணியை அவிழ்த்தபோது, மரப்பெண் கைகளை இறக்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டு உள்ளங்கைகளும் மார்பின்மேல் இருந்தன. தலை சற்றே தாழ்ந்திருந்தது. இருக்கையோ முன்பிருந்த உயரத்திலேயே இருந்தது. அவள் கொண்டைக்கும் இருக்கையின் அடிப்பாகத்துக்கும் நடுவில் ஒரு கை தாராளமாக நுழையும் இடைவெளி. அதன் வழியே எதிர்ப்பக்கத்து வாழைமரம் தெரிந்தது. இடக்கை முதலில் இறங்கியது என்பார் சிலர், வலக்கை என்பார் சிலர். இறங்கியதை யாரும் பார்க்கவில்லையாதலால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

ஊரின் முறைகளையெல்லாம் மனத்தில் வைத்திருந்த நியெம்போ என்னும் பெரியவர் குனிந்து பார்த்தார். பிறகு, "கை வலித்திருக்கும்" என்றார்.

"உட்கார்ந்தால் விழமாட்டேனே?" என்று கியூங்கு மெல்லக் கேட்டான்.

உம்பாவின் தொண்டையிலிருந்து கபாம்பாவின் கரகரத்த குரல் எழுந்தது: "உன் மோட்டார்சைக்கிள் அளவுக்கு இது ஆடாது. உட்காரடா."

உட்கார்ந்தான். இருக்கை ஒரு மயிரிழையும் தாழவில்லை. முரசு முழங்கியது, பெண்கள் குலவையிட்டார்கள், கள் பானைகள் திறந்தன, மாலைக்குள் ஊரில் பாதிப்பேர் அந்த இடைவெளியில் கையை விட்டுப் பார்த்துவிட்டார்கள்.

சங்கடம் அதற்குப் பிறகுதான் தொடங்கிற்று. இருக்கை நிற்பது நல்லதுதான். ஆனால் ஒரு தலைவன் காற்றின்மேல் உட்கார்ந்து பதவியேற்றான் என்று எதிர்க்கரையில் பேசினால் அது மரியாதையா? மன்னரைத் தாங்குவது பெண் என்பதுதானே முறை? நியெம்போ நெடுநேரம் யோசித்து, மரப்பெண் மனம் மாறிக் கைகளை உயர்த்தும்வரை குலத்துக்கொரு பெண்ணாக முறைவைத்து வந்து, இருக்கையருகே மண்டியிட்டு, அடியில் கைகளை ஏந்தியிருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். தொடவும் கூடாது; தொட்டால் தாங்கிக்கொண்டிருப்பது எதுவோ அது கோபித்துக்கொள்ளலாம். தாங்க ஆளில்லாத நிலையில் இருக்கையைத் துணிபோட்டு மூடுவதும் பிழையாகையால், அது உம்பாவின் கூடத்திலேயே திறந்தபடி இருக்கட்டும் என்றார்.

இப்படியாகக் கபாம்பாவின் வீட்டுக்குப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். படகில் வந்தார்கள், கருவாட்டுக் கூடையோடு வந்தார்கள், ஒன்றைத் தாங்கவே தாங்காமல் தாங்கிக்கொண்டு பொழுதுசாயும்வரை மண்டியிட்டிருந்தார்கள்.

"தொட்டுத் தாங்கச் சொன்னாலாவது கொஞ்சம் சாய்ந்துகொள்ளலாம். இது என்னடி கொடுமை?"

"எனக்குப் பழக்கம்தான். என் வீட்டுக்காரரையும் இப்படித்தான் தாங்குகிறேன். கையை எடுத்தால் விழுந்துவிடுவேன் என்கிறார். பயந்து எடுக்காமலே இருக்கிறேன்."

"எடுத்துத்தான் பாரேன் ஒருநாள்!"

"எடுத்தால் நின்றுவிட்டாரென்றால்? இத்தனை வருஷம் வீணாப்போச்சே என்று நான் அழவேண்டியிருக்கும்."

கூடமே சிரித்தது. உள்ளறைக் கதவோரம் நின்றிருந்த உம்பாவும் சிரித்துவிட்டாள். அந்தக் கணமே சிரிப்பு நின்றது. முறைக்கு வந்தவளும் துணைக்கு வந்தவர்களும் தலையைத் தாழ்த்தி, "ஐயா மன்னிக்கணும்" என்றார்கள். உம்பா உள்ளே போய்விட்டாள். வீட்டில் யாருமில்லாத காலத்தில் அவளுக்கு இருந்தது ஒருவகைத் தனிமை. வீடு நிறையப் பேச்சும் கருவாட்டு மணமும் குழந்தைகளின் அழுகையும் வந்தபின், அவற்றுள் ஒன்றுகூடத் தனக்கு நேராக வராதபோது உண்டானது வேறொன்று. முன்னதற்கு அவள் பழகியிருந்தாள்.

அதிசயம் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுப் பொருளாயிற்று. மிதிவண்டியில் மீன் வாங்க வருபவர்கள் நகரத்தில் சொல்ல, ஒரு பாதிரியார் வந்து மறைகம்பி ஏதும் உண்டா என்று தேடிப் பார்த்து, கிடைக்காமல், ஜெபம் செய்துவிட்டுச் சோளக்கள் குடித்துவிட்டுப் போனார். ஒரு கோழி இருக்கையில் ஏறி அடைகாக்கப் பார்த்தது; அதை விரட்டுவது குனிந்திருக்கும் பெண்ணின் வேலையா, இல்லையா என்று ஒரு வழக்கு நடந்தது. மோங்காவும் வந்தான். தலை நரைத்துவிட்டிருந்தது. முறைக்கு வந்திருந்த பெண்ணை விலகச் சொல்லிவிட்டு மரப்பெண்ணின் தோள்களைத் தடவினான், முழங்கைகளைத் தடவினான், உளிபட்ட தடம் ஏதும் புதிதாக இல்லை என்று கண்டான். பிறகு தரையைப் பார்த்தபடி உம்பாவிடம் சொன்னான்:

"ஐயா, கையை மேலே வைத்தது என் யோசனையில்லை. தாங்குகிற மாதிரி வேண்டும் என்று கேட்டார்கள், வைத்தேன். எனக்கு இப்படி வைக்கத்தான் ஆசை இருந்தது."

"எப்படி?" என்றாள் உம்பா. அது கபாம்பாவின் குரலாக இல்லை.

"தன் கை தன் நெஞ்சில் இருக்கிற மாதிரி" என்று சொல்லிவிட்டு, நிமிர்ந்து பார்க்காமலே எழுந்து போனான்.

மன்னர்களின் மறைபொருள்கள் பெண்ணின் மார்புக்குள்தான் காக்கப்படுகின்றன, அதனால்தான் அவள் கைகள் அங்கே என்று அறிந்தவர்கள் விளக்குவார்கள். அது சரிதான். ஆனால் உம்பா அந்த மாலையில் கூடம் காலியானபின் மரப்பெண்ணின் எதிரே அமர்ந்து, தன் கைகளையும் அவ்வாறே வைத்துப் பார்த்தபோது, மன்னரின் மறைபொருள் எதுவும் தட்டுப்படவில்லை. தன் நெஞ்சு அடித்துக்கொள்வது தெரிந்தது. அதற்குப் பின்னால், சற்றுத் தள்ளி, கபாம்பா இருமிக்கொண்டிருந்தார்.

பிறகு செங்காவின் குலத்துக்கு முறை வந்தது. செங்கா உம்பாவின் தங்கை. தென்கரையில் வாழ்க்கைப்பட்டவள், மீன் புகைபோடுபவள். அக்காவுக்குத் தழும்பு கீறிய நாளில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அவளைவிட அதிகமாக அழுதவள். வந்ததும் மண்டியிட்டாள், சுண்ணம் பூசினாள், இருக்கைக்கு அடியில் கைகளை ஏந்தினாள், உம்பாவின் பாதங்களைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

"செங்கா" என்றாள் உம்பா.

"சொல்லுங்க ஐயா."

"உன் வீட்டுக்காரர் நல்லா இருக்கிறாரா?"

"இருக்கிறார் ஐயா. உங்கள் புண்ணியத்தில் இந்த வருஷம் மீனும் நல்ல மீன்."

"யாருமில்லை இப்போது. ஒருமுறை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடு."

"ஐயா விளையாடக் கூடாது."

"மெதுவாகச் சொல். நீ சொல்வது எனக்கு மட்டும் கேட்டால் போதும்."

"நீங்கள் திரும்பினால் மன்னர் விழுந்துவிடுவாரே! என் பிள்ளைகள் படகில் இருக்கிறார்கள் ஐயா. பெரியவன் ஏரிக்கு நடுவில் இருக்கிறான்." அவள் கண்களில் நீர் கொட்டியது, துடைக்கக் கை இல்லை. "கூப்பிடமாட்டேன் என்று நினைக்காதீர்கள். சோறு வடிக்கும்போது அடுப்பைப் பார்த்து ஒருமுறை சொல்லிக்கொள்வேன். சத்தமில்லாமல்."

உம்பா அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு அவளுடைய ஏந்திய கைகளைப் பார்த்தாள். அவற்றுக்கும் இருக்கைக்கும் நடுவே இரண்டு விரற்கடை வெறுமை இருந்தது. தங்கையின் தோள்கள் நோவினால் இறுகியிருந்தன. எந்தப் பாரமும் இல்லாத நோவு. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "கையை இறக்கடி" என்றாள் கடைசியில்.

"முறை, ஐயா."

"மன்னர் சொல்கிறேன். இறக்கு."

செங்கா கண்களை இறுக மூடிக்கொண்டு கைகளை இறக்கினாள். இருக்கை நின்றது. அது நிற்கும் என்று ஊரறியும், கியூங்கு அமர்ந்த நாளிலிருந்தே அறியும். ஆயினும் கண்களைத் திறந்த செங்கா அதை அப்போதுதான் கண்டவள்போல் வாய்பிளந்தாள், உடனே அஞ்சி மறுபடியும் கைகளை உயர்த்திக்கொண்டாள்.

மறுநாள் மீன்சந்தை. வடகரையில் ஆளில்லை, அன்றைய முறைக்கு வந்த பெண்ணும் சற்றே சந்தையை எட்டிப்பார்த்துவரப் போயிருந்தாள். நண்பகல் வெயில் முற்றத்தில் வெள்ளையாகக் கிடந்தது. உம்பா கூடத்தின் நடுவில் நின்று, கபாம்பாவின் மணிமுடியை, முடி நரைத்த காலத்திலும் தூக்கத்திலும் காய்ச்சலிலும் கழற்றாத அதை, இரு கைகளாலும் பற்றிச் சற்றே உயர்த்தினாள். குனிந்து அதன் அடியிலிருந்து தலையை வெளியே எடுத்தாள். பிறகு ஒவ்வொரு விரலாக விட்டாள்.

மணிமுடி அவள் தலை இருந்த உயரத்திலேயே நின்றது. அதன் மணிச்சரங்கள் ஒருமுறை ஆடி ஓய்ந்தன. அதற்குக் கீழே, நெஞ்சு இருக்கவேண்டிய இடத்தில், யாரோ இருமினார்கள்.

"போய்வருகிறேன் ஐயா" என்றாள் உம்பா. இத்தனை காலம் தான் தாங்கியது அவரையா, தன் பயத்தையா என்று எண்ணிப் பார்க்க அவளுக்கு அப்போது மனம் இல்லை. கழுத்து லேசாக இருந்தது, அந்த லேசு வலித்தது. மரப்பெண்ணின் முதுகில் தன் தழும்புகளை ஒருமுறை தடவிவிட்டு இறங்கி நடந்தாள்.

படகுக்காரன் அவள் கால்களை மட்டுமே இதுவரை வணங்கியவன்; முகம் அவனுக்குத் தெரியாது. "எந்தப் பக்கம் போகணும் பெரியம்மா? கருவாடா, புதுமீனா?" என்று கேட்டான். பெரியம்மா என்ற சொல்லை அவள் அக்கரை வரை மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

வடகரையில் இக்கதையைச் சொல்பவர்கள் இங்கே நிறுத்திவிடுவார்கள். மணிமுடியின் முன்னால் ஊர் மண்டியிட்டது, இன்றும் மண்டியிடுகிறது, மன்னர் நலமாக இருக்கிறார் என்று முடிப்பார்கள். அதற்குமேல் உள்ளதைத் தென்கரையில் மீன் புகைபோடும் பெண்கள்தாம் சொல்கிறார்கள்.

செங்கா அக்காவைக் கண்டதும் முழங்கால் தானாக மடிந்து தரையில் விழுந்தாள். "ஐயா" என்றாள். எழுப்பினாலும் எழவில்லை. நல்ல பாயை விரித்துத் தந்தாள், தனிக் கலயத்தில் சோறு வைத்தாள், உண்ணும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "விழவில்லை பார், எல்லாம் அப்படியே நிற்கிறது" என்று உம்பா எத்தனை முறை சொல்லியும், செங்கா தலையசைத்துவிட்டு ஏரியைப் பார்ப்பாள். பெரியவன் படகிலிருந்து திரும்பும்வரை அவளுக்கு மூச்சு முழுதாக வராது.

அக்கரையிலிருந்து தேடி ஆள் வரும் என்று உம்பா முதலில் அஞ்சினாள். பிறகு எதிர்பார்த்தாள். ஒருநாள் மீன் வாங்க வந்தவனிடம் செங்காவின் கணவர், "கபாம்பா ஐயா எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கிறார். முன்னைவிட அமைதி. சாப்பாடுதான் குறைஞ்சுபோச்சு என்கிறார்கள்."

"அங்கே ஒரு பொம்பளை இருந்தாளே?" என்று கேட்டவள் உம்பாவேதான்.

அவன் மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே யோசித்தான். "முறைக்கு வருகிற பொம்பளைகளா?"

"இல்லை. வீட்டிலேயே."

"வீட்டில் மன்னர் மட்டும்தான் அம்மா. எப்போதும் அவர் மட்டும்தான்" என்றான்.

உம்பா புகையடுப்புக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து வேலை செய்யத் தொடங்கினாள். மீனைப் பிளந்தாள், குச்சியில் கோத்தாள், தணலை நிரவினாள். செங்கா "ஐயா வேண்டாம்" என்று தடுத்துத் தடுத்து ஓய்ந்துபோனாள். மழை வந்தது. வரவேண்டிய நேரத்தில்தான் வந்தது. கோரைத் தீவுகள் இடம்மாறின. மீன் சேற்றுக்குள் போகவில்லை; வலைகிழியும்படி வந்தது. அந்த வரத்து மிகுந்த ஒரு காலையில், அடுப்பு நிறைய மீன் அடுக்கியிருக்க, செங்கா வாசலில் இரண்டு வியாபாரிகளோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் பேரக்குழந்தை, கையில் தராசு. உம்பா அடுப்பருகே அமர்ந்து ஏரிக்கு அப்பால், நீருக்குமேல் சாம்பல்நிறமாகத் தெரிந்த வடகரையைப் பார்த்தபடி இருந்தாள். அவளுடைய கைகள் இரண்டும் அவளறியாமல் மார்பின்மேல் இருந்தன.

கருகல் நெடி அடித்தது.

"உம்பா! மீன் கருகுது!"

உம்பா திரும்பவில்லை. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தாள்.

"ஏய் உம்பா, உன்னைத்தான்! காது அடைச்சுப்போச்சா? எல்லாம் கரியாகுது, அங்கே என்ன வெறிச்சுப் பார்த்துக்கிட்டு…"

அங்கே செங்காவின் குரல் அறுந்தது. தராசு கையிலிருந்து நழுவியது. வியாபாரிகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. செங்கா ஏரியைப் பார்த்தாள். விழுகிற ஓசைக்காகக் காதுகொடுத்து, குழந்தையை இறுக அணைத்துக்கொண்டு நின்றாள். அக்கரை நின்றது. அதன்மேல் அடுப்புப் புகை நேராக நின்றது. நடு ஏரியில் படகுகள் தாழாமல் நின்றன, பெரியவனின் படகும்.

இதற்குள் அந்தச் சொல் உம்பாவின் காதைக் கடந்து, கழுத்தைக் கடந்து, முதுகின் அடியில் தழும்புகள் தொடங்கும் இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. அவள் மெல்லத் திரும்பினாள்.

"என்ன?" என்றாள்.

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், கைகளை மார்பிலிருந்து எடுத்து மீனைத் திருப்பிப்போட்டாள்.